ஆர்லன் விட்டுக்கொடுத்த வாரம்

ஆர்லன் கோஸ்கி அரிசோனாப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் மில்வாக்கி பேஸ்பால் அணி ஒவ்வொரு வசந்தத்திலும் ஃபீனிக்ஸில் பயிற்சிக்கு இறங்கும் மைதானத்தைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எந்த வாசல் காலையில் முதலில் திறக்கும், பெரிய ஆட்டக்காரர்கள் எந்தக் கம்பி வேலி ஓரமாக நடந்து போவார்கள், கையெழுத்து வேண்டுமென்றால் எந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும், மத்தியான ஆட்டத்துக்குப் புல்மேட்டில் எந்த மூலையில் போர்வை விரிக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. போய்வந்தவன் எவன் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஞானம் அது. அங்கே டிக்கெட் அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண்மணிக்கு இவன் ஹலோ சொன்னாலே போதும், "விஸ்கான்சின்ல இன்னிக்கு எவ்ளோ பனி?" என்று அவளே கேட்பாள்.

பனிக்கு எங்கள் ஊரில் என்ன குறைச்சல்? எல்க் பாயிண்ட் விஸ்கான்சினின் வடக்கு மூலையில் இருக்கிறது. நவம்பரில் விழ ஆரம்பித்தால் ஏப்ரலில்தான் மண் கண்ணில் படும். ஆர்லன் கவுன்டி நிர்வாகத்தின் லாரி ஷெட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த வருடமே சேர்ந்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. ஒருகாலத்தில் கல்யாணமும் ஆகியிருந்தது. "ஆறு மாசம் அந்த லாரியோட குடும்பம் நடத்து, மிச்ச ஆறு மாசம் ரேடியோல மேட்ச் கேளு, நடுவுல நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஜொலீன் டுலூத் நகருக்குப் பெட்டியைக் கட்டினாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று ஆர்லனே சொல்வான்.

அந்த நாட்களில் அவனைத் தாங்கிப் பிடித்தவன் டுவெய்ன் ராடட்ஸ். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆர்லனை வெறும் ஏமாளி என்று நினைத்துவிடுவீர்கள். ஜொலீன் போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டுவெய்ன், மார்லிஸ் நடத்தும் பாரிலிருந்து மீன் வறுவல் ரெண்டு தட்டு வாங்கிக்கொண்டு வருவான். ஒன்றும் பேசமாட்டான். சாப்பிட்டுவிட்டு, ஆட்டம் இருந்தால் ரேடியோவைப் போட்டு உட்கார்ந்திருப்பான். அப்படி ஒரு குளிர்காலம் முழுக்க வந்தவனை எவனாவது சந்தேகப்படுவானா?

இருவரும் வாலிபத்தில் ஊர் அணியில் ஆடியவர்கள். டுவெய்ன் பந்து வீசுவான், ஆர்லன் எதிரே குந்தியிருந்து பிடிப்பான். எந்தப் பந்தை எங்கே வீசுவது என்று விரலைக் காட்டுகிற யோசனை ஆர்லனுடையது, கைதட்டல் டுவெய்னுக்கு. அதில் ஆர்லனுக்குக் குறையே இருந்ததில்லை. லாரி ஓட்ட வந்ததும் இருவரும் ஒரே ஷெட்டுக்குத்தான், ஆர்லன் ஒரு மாதம் முன்னால்.

அந்த ஒரு மாதம்தான் கதை. குளிர்காலத்தில் எந்த வாரமானாலும் ஷெட்டிலிருந்து ஒரே ஒரு டிரைவர்தான் லீவில் போகலாம். எந்த வாரம் யாருக்கு என்பதை அக்டோபரில் பணி மூப்புப்படி தேர்ந்தெடுப்பார்கள். மூத்தவன் ஆர்லன். மார்ச் முதல் வாரத்தை, அதாவது பயிற்சி ஆட்டங்கள் சூடுபிடிக்கும் வாரத்தை, அவன் ஒவ்வொரு வருடமும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒருவர்தான் போக முடியும் என்றால் டுவெய்ன் எப்படி வருவான்? போனால் சேர்ந்து போவோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்பது அவர்களுக்குள் இருந்த பேச்சு. இருவரில் ஒருவர் ஓய்வு பெறட்டும் என்று காத்துக்கொண்டு, போகாத பயணத்துக்கு வருடா வருடம் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன அக்டோபரில் புது மேற்பார்வையாளன் ஹால்வர்சன் ஒரு நல்ல காரியம் செய்தான். சின்னப் பையன், ஆனால் மனிதர்களைத் தெரிந்தவன். "இந்த வருஷம் ஆள் போதுமான அளவு இருக்கு. மார்ச் முதல் வாரம் நீங்க ரெண்டு பேருமே போய்ட்டு வாங்க" என்றான். ஆர்லன் அன்று வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிப் போனான் என்பது அவனுக்கே ஞாபகம் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்லனுடைய சமையலறை மேசைதான் அரிசோனா. உப்புக் கிண்ணம் முதல் மைதானம், கடுகுக் குப்பி இரண்டாவது, சீஸ் தட்டு மூன்றாவது.

"செவ்வாய்க்கிழமை சொந்த மைதானத்துல ஆட்டம், கண்டிப்பா பாக்கணும். புதன்கிழமை வெளியூர் ஆட்டம். பெரிய ஆளுங்க எவனும் பஸ் ஏறமாட்டான், சின்னப் பசங்களத்தான் அனுப்புவாங்க. அதனால அன்னிக்கு நாம பின்னால இருக்கிற பயிற்சி மைதானத்துக்குப் போறோம். காலைல எட்டரைக்கு மூணாவது மைதானத்து வேலிகிட்ட நிக்கிறோம்."

"எட்டரைக்கா? லீவுல போயுமா?" என்றான் டுவெய்ன்.

"ஒன்பதுக்கு மேல கூட்டம் வந்துடும்டா."

"பாத்ரூம் எப்ப போகணும்னு சொல்லிடு, அதையும் கேட்டுக்கறேன்."

"ஆட்டம் நாலாவது சுத்து முடிஞ்ச உடனே போ. அதுக்கப்புறம் பெரிய ஆளுங்களை வெளிய எடுத்துட்டு சின்னப் பசங்களை இறக்குவாங்க, கூட்டம் மொத்தமா எழுந்திரிக்கும், வரிசை நீளமாயிடும்."

டுவெய்ன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். ஆர்லனும் சிரித்தான். தங்குவதற்குச் செலவில்லை; டுவெய்னின் மைத்துனன் ரிக்குக்கு அங்கே வீடு இருந்தது. வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

ஜனவரிக் கடைசியில் ஷெட்டில் டாரில் என்ற டிரைவர் லாரியிலிருந்து இறங்கும்போது பனிக்கட்டியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். ஆர்லன் அவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, சீஸ் கொடுத்துவிட்டு வந்தான். ஓர் ஆள் குறைந்ததால் லீவுக்கு ஆபத்து வருமோ என்று ஒரு நாள் பயந்தான். ஹால்வர்சன் இவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சரி, தப்பித்தோம் என்று விட்டுவிட்டான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் டுவெய்ன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாற்காலியில் உட்காரவே பாதி நேரம் எடுத்துக்கொண்டான்.

"என்னடா ஆச்சு?"

"முதுகு. டயருக்குச் சங்கிலி மாட்டக் குனிஞ்சேன், அப்படியே பிடிச்சுக்கிச்சு. டாக்டரு ஒரேயடியா சொல்லிட்டாரு, விமானத்துல உக்காரவே கூடாதாம்."

ஆர்லன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நீ போய்ட்டு வா. எனக்காக நிக்காதே" என்றான் டுவெய்ன்.

"நீ இல்லாம நான் அங்க போய் யார்கிட்ட பேசுறது?"

"நிஜமாத்தான் சொல்றேன். நீயாவது போ. ரிக் வீட்டுல தங்கிக்கோ."

"வாயை மூடுடா. முதல்ல முதுகைப் பாரு. அடுத்த வருஷம் போவோம்."

டுவெய்ன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நீ இப்படித்தான் சொல்வேன்னு தெரியும்" என்றான். நண்பன் தன்னை எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் ஆர்லன், அந்தப் புண்ணியவான்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹால்வர்சனிடம் போனான். "மார்ச் முதல் வாரம் எனக்கு வேணாம். வேற யாராவது எடுத்துக்கட்டும்" என்றான். ஹால்வர்சன் நாற்காலியை விட்டு எழுந்தே வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நிஜமாவா சொல்றீங்க? பெரிய மனசு உங்களுக்கு."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் இதிலென்னப்பா பெரிய மனசு என்று திருப்பிக் கேட்டிருப்பான். கேட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். எங்கள் ஊரில் யாராவது பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒண்ணுமில்ல என்று நடையைக் கட்ட வேண்டும். நின்று இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டால் பாராட்டுக்கு அலைகிறான் என்பார்கள். பாழாய்ப்போன பழக்கம். ஆர்லனும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி முழுவதும் டுவெய்னுக்கு இவன்தான் தாதி. டுவெய்ன் ஷெட்டில் வேலை செய்வான், ஆனால் இவன் வரும் நேரம் பார்த்தால் வீட்டுச் சோபாவில் மல்லாந்து கிடப்பான். வலி மருந்தைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான், என்ன வைராக்கியம் என்று ஆர்லன் ஆச்சரியப்பட்டான். தன்னுடைய மின்சாரச் சூட்டுப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் வீட்டு வாசல் பனியையும் இவனே வாரிக் கொட்டினான்.

"வலி மறக்கணும்டா, எதையாவது பேசு" என்பான் டுவெய்ன். "அந்த மூணாவது மைதானத்துக் கதையைச் சொல்லேன். எந்தத் திருப்பம்னு சொன்னே?"

ஆர்லன் சொல்வான். வேலி எங்கே வளைகிறது, அங்கே ஏன் ஆட்டக்காரர்கள் நடையைத் தளர்த்துவார்கள், புல்மேட்டில் எந்த மூலைக்குப் பந்து அதிகம் வரும் என்று ஒன்று விடாமல், குழந்தைக்குக் கதை சொல்வது போலச் சொல்வான். டுவெய்ன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்தியைத் தீட்டவும் அவனையே உட்காரவைத்தவனை அதுவரை பார்த்ததில்லை.

மார்ச் பிறந்ததும் டுவெய்ன் கிரீன் பே நகருக்கு ஒரு வார முதுகுச் சிகிச்சைக்குப் போவதாகச் சொன்னான். அங்கே அக்கா வீட்டில் தங்குவானாம். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஆர்லன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "நீ வேற. ஷெட்டுல ஆள் இல்ல, என் ரூட்டையும் நீதான் பாக்கணும்" என்று தட்டிக்கழித்துவிட்டான். ஆர்லன் அந்த வாரம் ரெண்டு பேர் ரூட்டையும் ஓட்டினான். ஷெட்டில் ஆளாளுக்கு முதுகைத் தட்டினார்கள், காபி வாங்கிக் கொடுத்தார்கள். இரட்டை வேலை பார்க்கிறேனே, அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மார்லிஸின் பாரில் கொண்டாட்டம். டிவியில் காட்டும் முதல் பயிற்சி ஆட்டத்துக்கு வெளியே எவ்வளவு பனி இருந்தாலும் எல்லாரும் அரைக்கால் சட்டையும் பூப்போட்ட சட்டையுமாக வந்து சேருவார்கள். வாசலில் பனிக்குவியலுக்கு நடுவே அடுப்பை மூட்டி மார்லிஸின் புருஷன் சாசேஜ் சுடுவான். ஆர்லனும் வேலை முடிந்து போனான். ஹால்வர்சன், ஊன்றுகோலோடு டாரில், ஷெட் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். டிவியில் அந்தப் புல்மேடு பச்சைப்பசேலென்று தெரிந்தபோது அவனுக்குக் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது. டுவெய்ன் இதைப் பார்த்துக்கொண்டிருப்பானா, அக்கா வீட்டில் இந்தச் சேனல் வருமா என்று யோசித்தான்.

ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில் நம் ஆள் ஒருவன் பந்தை வெளுத்துக் கட்டினான். பந்து வேலியைத் தாண்டிப் புல்மேட்டில் இறங்கியது. அங்கே போர்வையிலிருந்து ஒரு தொந்திக்காரன் துள்ளி எழுந்து, ரெண்டடி ஓடி, எம்பி, வெறுங்கையால் பந்தைப் பிடித்தான். கேமரா அவன் முகத்தில் போய் நின்றது. பக்கத்தில் ரிக் பியரை உயர்த்திக்கொண்டிருந்தான்.

"டுவெய்னுடா!" என்று பார் முழுக்கக் கூரை பறக்கிற மாதிரிக் கத்தினார்கள்.

திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் டுவெய்ன் எம்பினான். அந்த முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. ஆர்லன் சொன்ன மூலைதான் அது, அணுவளவும் பிசகவில்லை.

மார்லிஸ் ஒரு பிராந்தியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "இது என் கணக்கு. தன் வாரத்தையே தூக்கிக் குடுத்தவனுக்கு நான் இதுகூடக் குடுக்கலன்னா எப்படி?"

ஹால்வர்சன் எழுந்து நின்றான். "நான் இதைச் சொல்லியே ஆகணும். டாரில் விழுந்ததும், ஒருத்தர்தான் போக முடியும்னு ஆயிடுச்சு. அதைச் சொல்லலாம்னு பாத்த திங்கட்கிழமை ஆர்லன் ரோட்டுல இருந்தாரு. டுவெய்ன்கிட்டதான் சொன்னேன், மூத்தவர் ஆர்லன், உரிமை அவருக்கு, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்கன்னு. மறுநாள் காலைல இவர் வந்து, ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுப் பேசாம, எனக்கு வேணாம்னுட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு சிநேகிதமா!"

எல்லாரும் கிளாஸைத் தூக்கினார்கள். அன்று டுவெய்ன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தது எதற்கு என்று ஆர்லனுக்கு இப்போது புரிந்தது. போ, போ என்று அவன் சொன்னது, இவன் போகமாட்டான் என்று தெரிந்துதான். நேராகக் கேட்டிருந்தாலே கொடுத்திருப்பானே! 'எனக்கு ஆசையா இருக்குடா, இந்தத் தடவை நான் போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெட்டியைக்கூட இவனே கட்டிக் கொடுத்திருப்பான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

எல்லாரும் கிளாஸும் கையுமாக இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊர் சந்தோஷமாக நிற்கும்போது அதில் மண்ணைப் போட எங்களுக்கு வராது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பிராந்தியைக் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் காத்திருந்தான். டுவெய்ன் அன்று ஊர் திரும்புகிறான் என்று தெரியும். வந்து காலில் விழ வேண்டாம், எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்தாலே போதும் என்று இருந்தான். எவனும் வரவில்லை.

திங்கட்கிழமை ஷெட்டின் சாப்பாட்டு அறையில் டுவெய்ன் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. ஆர்லனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான். முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அடுத்த கணம் சிரித்துவிட்டான்.

"இதோ வந்துட்டாரு நம்ம வள்ளல்" என்று ஒரு பந்தை நீட்டினான். பந்தில் அணியின் நட்சத்திர ஆட்டக்காரனுடைய கையெழுத்து. "உனக்குத்தான்டா. மூணாவது மைதானம், நீ சொன்ன அதே திருப்பம். எட்டரைக்கே போய் நின்னோம். இங்க நாய்கூட வராதுன்னு ரிக் திட்டிக்கிட்டே இருந்தான். பாத்தா வர்றான், ஒத்தையா, மட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு."

"எந்தப் பக்கமா வந்தான்?" என்று கேட்டுவிட்டான் ஆர்லன்.

"நீ சொன்ன பக்கமாத்தான்."

"ஆர்லன் சொன்னா தப்பாதுப்பா" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லனுக்கு ஒரு நொடி மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததை உணர்ந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பந்தை மேசையில் வைத்தான்.

"நான் இவனுக்கு அந்த வாரத்தைக் குடுக்கல" என்றான். "முதுகு முடியலன்னு சொன்னான். நம்பி, நானும் போகலன்னு விட்டுட்டேன். ஒருத்தர்தான் போக முடியும்ங்கிறதே எனக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றது. எல்லாரும் டுவெய்னைப் பார்த்தார்கள்.

"நீயாவது போடான்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?" என்றான் டுவெய்ன் மெதுவாக.

"சொன்னே."

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை சொன்னே."

"அப்புறம் என்ன?"

ஹால்வர்சன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான். "ஆர்லன், சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் நான் இதைச் சொன்னேன். நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிக் குடிச்சீங்க."

"குடிச்சேன்."

"அப்ப ஒண்ணும் சொல்லலையே."

"குடுக்கறப்ப மனசு வந்துடுது. அந்தப் புல்லை டிவில பாத்ததும் மனசு கேக்கல" என்றான் டாரில், ஆறுதலாகத்தான். "எனக்கா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். வா, உக்காரு." யாரோ காபியை ஊற்றி இவன் பக்கம் நகர்த்தினார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. ஒரு நல்ல கதை பாழாகிவிட்டதே என்ற வருத்தம் மட்டும் இருந்தது.

ஆர்லன் டுவெய்னைப் பார்த்தபடியே நின்றான். அந்த அறையில் உண்மை தெரிந்த இன்னொரு மனிதன் அவன் ஒருவன்தான். ஆமாம், முதுகு வலி என்று சொன்னேன் என்று அவன் வாயால் ஒரு தடவை வந்தால் போதும். மன்னித்துவிடக்கூடத் தயாராக இருந்தான்.

டுவெய்ன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"விடுங்கப்பா" என்றான் மற்றவர்களிடம். "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், ரெண்டு ரூட் ஓட்டிக் களைச்சிருக்கான்."